பேசத் தெரிந்த பிள்ளை

சிந்துஜா இங்கிலீஷ் பேச ஆரம்பித்தால் செங்கம் ரோட்டில் சைக்கிளில் போகிற வெள்ளைக்காரன்கூட ஒரு காலைத் தரையில் ஊன்றி நின்று கேட்டுவிட்டுத்தான் போவான். பத்து வயசுப் பெண். ரமணாசிரமத்துக்கு எதிர்ச்சந்தில் பிறந்து வளர்ந்தவள். என் எஸ்.டி.டி. பூத்துக்கு வருகிற இத்தாலிக்காரி என்ன கேட்கிறாள், இஸ்ரேல் பையன் எதற்குக் கோபப்படுகிறான் என்று எனக்கு எடுத்துச் சொல்வது அவள்தான். நானும் பி.ஏ. வரலாறு படித்தவள். ஆனால் அதுகள் மூக்கால் பேசுவது எனக்கு ஒரு எழவும் புரியாது. இவள் ரிப்பனை வாயில் கடித்துக்கொண்டே, "லைன் கெடைக்கல, டென் மினிட்ஸ் கழிச்சி வருவாங்களாம் ராணி அத்த" என்று சொல்லிவிட்டு ஓடிவிடுவாள்.

அவளுடைய அப்பன் ராமதாஸ் ஆட்டோ ஓட்டுகிறவன். எட்டாவதோடு நின்றவன். தமிழ் பேப்பரை வாய்விட்டுப் படிப்பான். வெள்ளைக்காரர்களிடம் அவனுக்குத் தெரிந்தது 'கம்', 'கோ', 'நோ ப்ராப்ளம்' அவ்வளவுதான். அதனால் மகள் பேசுவதைக் கேட்கக் கேட்க அவனுக்குக் கிறுக்குப் பிடித்துவிடும். ஸ்டாண்டில் நிற்கிற மற்ற ஆட்டோக்காரர்களை வைத்துக்கொண்டு, "யம்மா கலெக்டரு, இந்த சார் எங்க போணுமாம், கேளு" என்பான். அவளும் கேட்டுச் சொல்வாள். அவன் மீசையைத் தடவிக்கொண்டு சுற்றுமுற்றும் பார்ப்பான். எனக்கு எரிச்சலாகக்கூட வரும். எங்கள் வீட்டில் ஒன்று இருக்கிறதே, பத்தாவது படிக்கிறது, வாயைத் திறக்காது.

பக்கத்துத் தெருவில் இருந்த நர்சரிப் பள்ளிக்கூடத்தில்தான் சிந்துஜா படித்தாள். டை, பெல்ட், ஷூ எல்லாம் உண்டு. ஆண்டு விழாவில் மைக்கைப் பிடித்து வரவேற்புரை சொன்னது அவள்தான். அங்கே ஐந்தாவது வரைக்கும்தான். ஆறாவதுக்கு வேங்கிக்கால் பக்கம் புதிதாகக் கட்டியிருந்த பெரிய மெட்ரிகுலேஷன் பள்ளியில் சேர்த்தே தீருவது என்று ராமதாஸ் ஒற்றைக்காலில் நின்றான். கலெக்டர் ஆபீஸ் ஆட்களின் பிள்ளைகள் படிக்கிற இடம். நேரில் கூப்பிட்டுப் பேசிப் பார்த்து, ஒரு பரீட்சையும் வைத்துத்தான் எடுப்பார்கள். அவன் அந்தப் பரீட்சையை ஒரு பொருட்டாகவே நினைக்கவில்லை.

இரண்டாயிரத்து மூன்றாம் வருஷம் கத்திரி வெயில். சீசன் முடிந்து வெள்ளைக்காரர்கள் ஊரைக் காலி பண்ணிவிட்டார்கள். சித்ரா பௌர்ணமிக் கூட்டமும் வந்து போய்விட்டது. கிரிவலப் பாதை முழுக்கக் குப்பை. மலை வறண்டுபோய்க் கிடந்தது. சிந்துஜாவின் அம்மா கஸ்தூரி ஒரு கெஸ்ட் ஹவுஸில் வேலை செய்கிறவள். ஆள் இல்லாத மாசங்களில்தான் அவளுக்கு வேலை ஜாஸ்தி. மெத்தையெல்லாம் மொட்டைமாடிக்குத் தூக்கிக் காயப்போட்டு, தடியால் அடித்துத் தூசு தட்டி, கொசுவலைகளை ஊறவைத்துத் துவைத்து, ரூம் ரூமாகக் கழுவிவிட வேண்டும். மத்தியானம் கூழ்த் தூக்கை எடுத்துக்கொண்டு என் பூத்துக்கு வந்துவிடுவாள். மின்விசிறி இருக்கிறதே, அதற்காக.

அன்றைக்கும் வந்தாள். வெங்காயத்தைக் கடித்தாள், கூழைக் குடிக்கவில்லை. தூக்கையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"ராணிக்கா, ஒண்ணு சொல்றேன், யார்கிட்டயும் சொல்லக்கூடாது."

"நான் யார்கிட்டடி எத சொன்னேன்?"

"நீ சொல்லுவ. அதான் மொதல்லயே சொல்றேன்."

"சரி சொல்லித் தொலை."

"எம் பொண்ணுக்குப் படிக்கத் தெரிலக்கா."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "இன்னாடி உளர்ற? வெயிலு மண்டைல ஏறிடுச்சா?"

"பேசத் தெரியுது. படிக்கத் தெரில. இங்கிலீசும் தெரில, தமிழும் தெரில. ஒரு வரி தெரில."

"நோட்டப் பாத்துருக்கேனே. முத்து முத்தா எழுதிருக்குது."

"எழுதும். மிஸ்ஸு போர்டுல எழுதிப் போடுமாம், இது கோலம் போடற மாதிரி அப்படியே பாத்துப் போட்டுடும். அதுல இன்னா எழுதியிருக்குதுன்னு கேளு, தெரியாது. பரீட்சைக்கும் அப்படித்தானாம். வாய்ப்பாடு, பாட்டு எல்லாம் கேட்டுக் கேட்டு மனப்பாடம். கிளாஸுக்கு யாரானா பெரியவங்க வந்தா இதத்தான் எழுப்பி உடுவாங்களாம். இங்கிலீசு பேசுதில்ல? வந்தவங்களும் கையத் தட்டிட்டுப் போயிடுவாங்களாம். யாருக்கா இது கைல புக்கக் குடுத்துப் படின்னு சொல்லப் போறா?"

எனக்குள் கணக்குப் போட்டுப் பார்த்தேன். பூத்துச் சுவரில் எத்தனை போர்டு மாட்டியிருக்கிறேன், என் மேஜையில் எத்தனை பேப்பர் கிடக்கிறது. அந்தப் பெண் அதில் ஒரு வார்த்தையைப் படித்து நான் கேட்டதே இல்லை. படித்தவளாம் நான்!

"ஒனக்கு எப்படிடி தெரிஞ்சிது?" என்று கேட்டேன். கேட்டபிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டேன். கஸ்தூரிக்கு எழுத்து வாசனையே கிடையாது. அதை எப்படிக் கேட்பது?

அவள் அதைத் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. "எனக்குத் தெரியாம யாருக்குக்கா தெரியும்? போன சீசன்ல எங்க கெஸ்ட் ஹவுஸ்ல தங்கியிருந்த சுவிஸ் அம்மா எங்க ரெண்டு பேரையும் ஓட்டலுக்கு இட்டும்போச்சு. இன்னா வேணும்னு அட்டையக் குடுத்துச்சு. இது அட்டைய வாங்கி மேல கீழ பாத்துச்சு. அப்புறம் பக்கத்து டேபுள்ள ஒருத்தன் சாப்டுனு இருந்தத எட்டிப் பாத்துட்டு, எனக்கும் அதே வேணும்னு இங்கிலீசுல சொல்லிச்சு. எனக்கு அப்பவே சந்தேகம் தட்டிச்சு. நான் எந்த ஓட்டலுக்குப் போனாலும் அதான பண்றேன்?"

"அதுக்காக..."

"இருக்கா. அப்பாக்கு இருமல் மருந்து எடுத்துனு வான்னேன். அலமாரில ரெண்டு பாட்டிலு இருந்துச்சு. ஒண்ணு மருந்து, ஒண்ணு கால் வலிக்குத் தேய்க்கிற தைலம். இது மூடியத் தொறந்து மோந்து பாத்துச்சுக்கா! மோந்து பாத்து எடுத்தாருது. பேரு ஒட்டியிருக்குது மேல. நான் மோந்து பாப்பேன், என் விதி. இங்கிலீசு மீடியத்துல அஞ்சாவது படிக்கிற பொண்ணு ஏன் மோந்து பாக்கணும்?"

அவள் கண் கலங்கிவிட்டது. புறங்கையால் துடைத்துக்கொண்டாள்.

"பேங்குக்குப் போனா கண்ணாடிய மறந்துட்டேன்னு சொல்லுவேன். எனக்கு ஏதுக்கா கண்ணாடி? ரேஷன் கடையில போர்டுல இன்னா போட்டுருக்குதுன்னு தெரியாம, யாரானா வந்து கேக்கற வரைக்கும் நின்னுனே இருப்பேன். இந்தத் திருட்டுத்தனமெல்லாம் நான் அதுக்குச் சொல்லித் தரலக்கா. அதுவா கத்துக்கினு இருக்குது."

"அவளக் கேட்டியா?"

"தல பின்னும்போது கேட்டேன். மூஞ்சியப் பாத்துக் கேட்டா பொய் சொல்லிடும்னு முதுகுப் பக்கமிருந்து கேட்டேன். மொதல்ல கத்துச்சு. அப்புறம் அப்படியே அழுதுச்சு. மத்த புள்ளைங்கல்லாம் ரெண்டாவதுலயே படிக்க ஆரம்பிச்சிடுச்சுங்களாம். எனக்கு வரலன்னு சொன்னா மிஸ்ஸு திட்டும், அப்பா சிரிக்கமாட்டாருன்னு சொல்லாமலே உட்டுட்டேன்னு சொல்லுதுக்கா. அப்பாகிட்ட சொன்னா சோறே துன்னமாட்டேன்னு தலைல அடிச்சு சத்தியம் வாங்கினிச்சு."

"வியாழக்கிழம அட்மிஷனுக்குப் போறீங்க. அங்க பரீட்ச வெச்சா?"

"அதான்க்கா பதறுது. மாட்னா அசிங்கம். மாட்டலன்னா..." என்று சொல்லி நிறுத்தினாள். பிறகு, "மாட்டலன்னா அத உட மோசம்" என்றாள்.

அந்த நேரம் பார்த்து ராமதாஸின் ஆட்டோ வந்து நின்றது. சட்டை முதுகில் ஒட்டியிருந்தது. உள்ளே வந்து பானையில் தண்ணீர் மொண்டு மடமடவென்று குடித்தான்.

"ராணிக்கா, வேயாக்கெழம காலைல நீங்களும் எங்ககூட வர்றீங்க. நீங்க பி.ஏ. இவ வந்து முழிச்சினு நிப்பா. அந்த மேடம் எதுனா கேட்டா நீங்க சொல்லுங்க."

கஸ்தூரி எழுந்து நின்றாள். "ஏங்க, அந்த ஸ்கூலு வேணாங்க. தூரமா இருக்குது. இங்கயே கவர்மெண்டு ஸ்கூல்ல போடலாம். கொஞ்சம் நிதானமா..."

"இன்னா நிதானம்?"

"அதுக்குப் படிப்பு அவ்ளோவா..."

"நிறுத்து!" தம்ளரை டங்கென்று வைத்தான். என் மேஜை அதிர்ந்தது. "நீ படிச்சிருக்கியா? அதுக்குப் படிப்பு வருதா வரலையான்னு நீ சொல்றியா? ஊரே மெச்சுது, பெத்தவளுக்குப் பொறுக்கல. ஏன், ஒன்ன மாதிரி அதுவும் வெள்ளக்காரன் எச்சத் தட்டு கழுவணுமா?"

"டேய் ராமதாஸு, வாய அடக்கு" என்று நான் கத்தினேன். அவன் என்னைவிடச் சின்னவன், அந்த உரிமை எனக்கு உண்டு.

கஸ்தூரி கூழ்த் தூக்கை எடுத்து மூடி போட்டாள். வெயிலில் செருப்பில்லாமல் இறங்கி வேலைக்குப் போய்விட்டாள்.

"சொன்னது தப்புதான்க்கா" என்று அவனே சொன்னான் கொஞ்ச நேரம் கழித்து. "ஆனா நீங்களே சொல்லுங்க. நான் பாக்காத அவமானமா? பஸ் ஸ்டாண்டு போணும்னு ஒருத்தன் பேப்பரக் காட்டறான், ரயில்வே ஸ்டேஷன்ல கொண்டும்போய் எறக்கிட்டு நிக்கறேன். அவன் கத்தறது ஒண்ணும் புரில. எம் பொண்ணு அப்படி நிக்காது இல்ல?"

சொல்லிவிடலாம் என்று வாய் வரைக்கும் வந்தது. கஸ்தூரி சொல்லாததை நான் சொன்னால் அவள் என் முகத்தில் முழிக்கமாட்டாள். "வர்றேன் போ" என்று மட்டும் சொன்னேன்.

வியாழக்கிழமை காலையிலேயே அனல் அடித்தது. சிந்துஜாவுக்கு இரட்டைச் சடை, புது கவுன், நெற்றியில் விபூதி. ஆட்டோவில் எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் உட்கார்ந்திருந்தாள். வழக்கமாக ஓயாத வாய். அன்றைக்கு டவுனைத் தாண்டி வேலூர் ரோடு ஏறும் வரை ஒரு வார்த்தை வரவில்லை. அம்மாவின் முந்தானையைச் சுருட்டிச் சுருட்டி விட்டுக்கொண்டிருந்தாள். முன்னால் ராமதாஸ் மட்டும் கொட்டை எழுத்தில் இருந்த கடைப் பெயர்களைப் படித்துக்கொண்டு குஷியாக வண்டி ஓட்டினான்.

பள்ளியின் தலைமையாசிரியை சுதர்சனா மேடம். ஐம்பது வயசிருக்கும், கஞ்சி போட்ட காட்டன் புடவை, நல்ல மனுஷியாகத் தெரிந்தாள். எங்களை உட்காரச் சொன்னாள். ராமதாஸ் உட்காரவில்லை, கையைக் கட்டிக்கொண்டு கதவோரம் நின்றான். மேஜைமேல் ஒரு கேள்வித்தாளும் பென்சிலும் தயாராக இருந்தன. சிந்துஜா அதைப் பார்த்தாள்.

மேடம் இங்கிலீஷில் பேர் கேட்டாள். அவ்வளவுதான். கெட்டிக்காரக் குட்டி, பிடித்துக்கொண்டது! பேர் சொன்னாள், ஊர் சொன்னாள். மலைமேல் மயில் பார்த்ததைச் சொன்னாள். சுவிஸ் அம்மாவுக்குச் சாம்பார் வைக்கச் சொல்லிக்கொடுத்ததைச் சொன்னாள். அந்த அம்மாள் மிளகாய்த்தூளை அள்ளிப் போட்டுவிட்டு அழுததை நடித்தே காட்டினாள். மேடம் வாய்விட்டுச் சிரித்தாள். டீ கொண்டுவந்த ஆயாம்மாகூட நின்று பார்த்தாள். ராமதாஸின் முகத்தைப் பார்க்கவேண்டுமே, சாமி வந்தவன்போல நின்றான்.

"எங்க ஒன்பதாவது பசங்ககூட இப்படிப் பேசமாட்டாங்க" என்றாள் மேடம், தமிழில், எங்களைப் பார்த்து. "இவளுக்குப் போயி டெஸ்ட் எதுக்கு? ஆறாவதுல சேத்துக்கலாம்." கேள்வித்தாளை எடுத்து இழுப்பறைக்குள் போட்டாள்.

சிந்துஜா மூச்சு விட்டாள். சத்தியமாகச் சொல்கிறேன், நானும் விட்டேன். முடிந்தது, தப்பித்தோம், வீட்டுக்குப் போகலாம் என்றுதான் எனக்கு இருந்தது. மேற்கொண்டு ஆகிறது ஆகட்டும்.

"அம்மா" என்றாள் கஸ்தூரி.

மேடம் நிமிர்ந்தாள்.

"அதுக்கு ஒரு வரி படிக்கக் குடுங்கம்மா."

ராமதாஸ், "ஏய்" என்றான்.

"ஏதானா ஒரு புக்கு. சின்ன கிளாஸ் புக்கா இருந்தாக்கூடப் பரவால்ல. படிக்கச் சொல்லிப் பாத்துட்டு அப்புறம் சேத்துக்குங்க."

சிந்துஜா அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வையை என்னால் பார்க்க முடியவில்லை, ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். மேடத்துக்கு ஒன்றும் விளங்கவில்லை. அலமாரியிலிருந்து ஒரு மூன்றாம் வகுப்பு இங்கிலீஷ் புத்தகத்தை எடுத்து, நடுவில் ஒரு பக்கத்தைப் பிரித்து வைத்தாள். மேலே ஒரு படம். பையன் ஒருவன், நாய், கிணறு.

சிந்துஜா ஒரு நிமிஷம் படத்தையே பார்த்தாள். பிறகு ஆரம்பித்தாள். இங்கிலீஷில், தங்குதடையில்லாமல். ஒரு பையன் இருந்தான், அவனுக்கு ஒரு நாய் இருந்தது, நாய் தவறிப்போய்க் கிணற்றில் விழுந்தது, பையன் கயிறு விட்டுத் தூக்கினான். விரலைக்கூட வரிக்கு வரி ஓட்டிக்கொண்டே சொன்னாள். மேடம் தலையாட்டிக்கொண்டு கேட்டாள். ராமதாஸ் கஸ்தூரியை முறைத்தான், பாத்தியாடி என்பதுபோல. மேடத்தின் தலையாட்டல் மெதுவாக நின்றது. கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு பக்கத்தைப் பார்த்தாள். பெண்ணைப் பார்த்தாள். பிறகு கையை நீட்டி உள்ளங்கையால் அந்தப் படத்தை மூடினாள்.

"இப்ப படிம்மா."

சிந்துஜாவின் விரல் முதல் வரியிலேயே நின்றுவிட்டது.

"இந்த ஒரு வார்த்தை?"

சிந்துஜா தலையைக் குனிந்துகொண்டாள். மேடம் தமிழ்ப் புத்தகம் ஒன்றை எடுத்து வைத்தாள். அதிலும் படத்தை மூடினாள். சிந்துஜா 'அ' என்றாள், 'ம' என்றாள், அதோடு நின்றாள். கண்ணீர் புத்தகத்தின்மேல் விழுந்தது. கவுனின் ஓரத்தால் அதைத் துடைத்தாள். பிறகு கதவுப் பக்கம் திரும்பி, "எனக்குப் படிக்க வராதுப்பா" என்றாள்.

ராமதாஸ் அசையவில்லை. அவனுக்குக் காதில் விழுந்ததா என்றே சந்தேகம்.

மேடம் கோபப்படவில்லை. நாற்காலியை நகர்த்தி அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "உங்ககிட்ட நான் மறைக்க விரும்பல" என்றாள். "இப்படியே ஆறாவதுல போட்டா காலாண்டுக்குள்ள மாட்டிக்குவா. அப்புறம் ஸ்கூலுக்கே வரமாட்டேன்னுடுவா. நான் பாத்துருக்கேன். மூணாவதுல உக்காரட்டும். அந்தக் கிளாஸ் டீச்சர் எழுத்துலேர்ந்து ஆரம்பிப்பாங்க. இவ்ளோ பேசற பொண்ணு, எழுத்து பிடிபட்டுட்டா யாராலயும் பிடிக்க முடியாது. ஆனா மூணு வருஷம் பின்னாடிதான். யோசிச்சுச் சொல்லுங்க."

"மூணாவதா?" என்றான் ராமதாஸ். அவன் குரல் பிசிறியது. "பொடிசுங்களோட பொடிசா? எங்க ஸ்டாண்டே சிரிக்கும்மா." அவன் விடுவிடுவென்று வெளியே போய்விட்டான். நாங்களும் எழுந்து கும்பிட்டுவிட்டுப் பின்னாலேயே ஓடினோம்.

வண்டியை அவன் ஓட்டியதைச் சொல்லக்கூடாது. எதிரில் வந்த லாரிக்காரன் கெட்ட வார்த்தையில் திட்டிவிட்டுப் போனான். கொஞ்ச தூரம் போனதும் ஒரு புளியமரத்தடியில் ஓரங்கட்டி நிறுத்தினான். எஞ்சினை அணைத்துவிட்டு முன்பக்கமே பார்த்துக்கொண்டு பேசினான்.

"அந்தம்மா சேத்துக்கறேன்னு சொல்லிட்டாங்க. பேப்பரக்கூட உள்ள வெச்சிட்டாங்க. ஒன்ன எவடி வாயத் தொறக்கச் சொன்னது? பெத்த பொண்ண நாலு பேரு எதிர்ல அம்மணமா நிக்க வெச்சிட்டியே. வேற ஸ்கூலு பாக்கறேன். அங்க நீ வரக்கூடாது."

வெயிலில் தார் இளகி நாற்றமடித்தது. சிந்துஜா எங்கள் நடுவிலிருந்து எழுந்து என் மடிமேல் ஏறி, அம்மாவைத் தொடாமல் அந்தப் பக்கம் ஒதுங்கிக்கொண்டாள்.

"சத்தியம் பண்ணியேம்மா?" என்றாள். அழுது அழுது குரல் கம்மிப்போயிருந்தது. "யாருக்கும் தெரியாம இருந்திருக்கும். நான் எப்படினா சமாளிச்சிருப்பேன். ஏம்மா என்னக் காட்டிக்குடுத்த?"

கஸ்தூரி அவளைத் தொடப் போகவில்லை. கையை மடியிலேயே வைத்துக்கொண்டாள்.

"என்ன யாரும் காட்டிக்குடுக்கலடி" என்றாள். "நானும் நல்லாதான் சமாளிச்சேன். எங்கம்மாவுக்குத் தெரியல, எங்க டீச்சருக்குத் தெரியல, பாட்டெல்லாம் நல்லாச் சொல்லுவேன்னு நாலாவது வரைக்கும் கையத் தட்டிக்கினே ஏத்தி உட்டாங்க. அதுக்கு மேல முடில, நின்னுட்டேன். யாரானா ஒருத்தரு அப்பவே காட்டிக்குடுத்திருந்தா நான் இப்படி இருக்கமாட்டேன்."

கட்டின புருஷன் ராமதாஸுக்குக்கூட அவள் நாலாவது வரை பள்ளிக்கூடம் போனவள் என்பது தெரியாது. பள்ளிக்கூட வாசலையே மிதிக்காதவள் என்றுதான் நாங்கள் எல்லோரும் நினைத்திருந்தோம். அப்படிச் சொல்லிக்கொள்வதில் அவமானம் கம்மி என்று நினைத்திருக்கிறாள், பாவி. அவன் கண்ணாடியில் அவளையே பார்த்தான். அவளும் பார்த்தாள். பிறகு அவன் துண்டை எடுத்து முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டான். எஞ்சினைப் போட்டான்.

"பின்னாடி பஸ்ஸு எதுனா வருதா பாரு" என்றான் யாரிடம் என்று இல்லாமல்.

சிந்துஜா என் மடியிலிருந்து வெளியே தலையை நீட்டி, நாங்கள் விட்டு வந்த பள்ளிக்கூடத்துப் பக்கம் ரொம்ப நேரம் பார்த்தாள்.

"ஒண்ணும் வரலப்பா" என்றாள். "திருப்பு."